பிலோமியின் இடது கால்

கவிதா, ஸ்டீபன் இருவருக்கும்,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ழகரமும் ளகரமும் எனக்கு ஒரே சாயலில் இருக்கும் அண்ணன் தம்பி. யாரை எங்கே அனுப்புவது என்று எப்போதும் தடுமாற்றம். தப்பு இருக்கும் இடத்தில் கவிதா திருத்திக்கொள்ளட்டும். போன வாரம் நம் பாலே வகுப்புப் பலகையில் நான் எழுதியதை அவள் சத்தமில்லாமல் அழித்துத் திருத்தியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நேரில் பேசியே சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. ஐந்நூறு பேருக்கு முன்னால் காலைக் காதுவரை தூக்கச் சொன்னால் தூக்குவேன். ‘டீ சாப்பிடுறீங்களா’ என்று ஒருவரைக் கேட்பதற்கு அரை மணி நேரம் யோசிப்பேன். அதனால்தான் தாள்.

ஸ்டீபன் போன மாதம் ஒரு சிவப்பு விளக்கு வாங்கி வந்தான். பேனா மாதிரி இருக்கிறது. பட்டனை அமுக்கினால் தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது. மாணவர்களின் முட்டியில், கணுக்காலில் புள்ளியை வைத்து, ‘இங்கே நேராக்கு, அங்கே இறுக்கு’ என்று நாற்காலியில் இருந்தபடியே பாடம் நடத்துகிறான். நல்ல யோசனைதான். சின்னப் பிள்ளைகள் பூனைக்குட்டி மாதிரி அந்தப் புள்ளியைத் துரத்திப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. பிறகு நீங்கள் இருவரும் என்னிடம் வந்து, “மாஸ்டர், நுனிக்கால்ல நிக்கப் பாயிண்ட் ஷூ கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் காலையும் நீங்க ஏன் கீழ உட்கார்ந்து கையில புடிச்சுப் பாக்குறீங்க, அதுவும் அந்த முட்டிய வச்சுக்கிட்டு?” என்று கேட்டீர்கள். நான் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டேன். அதற்குப் பதில் இது.

இந்தத் தாள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் கையிலும் சிக்கலாம் என்பதால் என்னைப் பற்றி நாலு வரி. திருவொற்றியூரில் பிறந்தவன். சினிமாவில் கும்பலாக ஆடுவார்களே, அதில் கடைசி வரிசை. அங்கிருந்து மும்பையில் ஒரு பாலே குழுவுக்குப் போனேன். பதினான்கு வருடம் மேடையில் இருந்தேன். மரமாக நின்றிருக்கிறேன், அரண்மனைக் காவலாளியாக நின்றிருக்கிறேன், இளவரசனின் நண்பர்களில் நான்காவது ஆளாகக் குதித்திருக்கிறேன். இளவரசன் மட்டும் ஆகவில்லை. அதற்கு வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள்.

அந்தக் குழுவில் எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மையார், புதிதாக யார் வந்தாலும் தரையில் உட்கார்ந்து, அவர்கள் பாதத்தை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்ப்பார். எலும்பு எங்கே முட்டுகிறது, நரம்பு எங்கே தளர்கிறது என்று விரல்களாலேயே தேடுவார். “நல்லா ஆடுறவங்க கண்ணை ஏமாத்திடுவாங்க. கையை ஏமாத்த முடியாது” என்பார். பதினான்கு வருடம் அதைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி வந்து நானே மாஸ்டர் ஆனபோது, கற்றுக்கொண்டதில் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குப் புரியும். ராயபுரத்தில், சர்ச்சுக்குச் சொந்தமான மண்டபத்தில், வயது வந்த பெண்கள் வகுப்பில், ஒரு ஆம்பளை தரையில் உட்கார்ந்து ஒரு பொம்பளையின் பாதத்தை மடியில் வாங்குவதா? நினைத்தாலே எனக்குக் காது சூடாகிவிடும். குழந்தைகளுக்குப் பார்ப்பேன். பெரியவர்களுக்கு ஒரு பழைய காலண்டரைச் சுருட்டி வைத்திருந்தேன். அதன் நுனியால் முட்டியைத் தொட்டு, ‘இங்க கொஞ்சம்’ என்பேன். ஸ்டீபன், உன் சிவப்பு விளக்குக்கு என் காலண்டர் பெரியப்பா முறை.

இனி பிலோமி.

உங்களுக்கு அவளைத் தெரியும். காசிமேட்டில் மீன் வியாபாரம். புருஷன் இல்லை, ஒரே மகள் ஜெனி. ஜெனிக்கு ஏழு வயதில் நம்மிடம் சேர்த்தாள். சனிக்கிழமைதோறும் மகளை உள்ளே விட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் காத்திருப்பாள். மூன்றாவது மாதம் ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

“மாஷ்டரு, அந்த பெஞ்சுல குந்திகினு குந்திகினு இடுப்பு கழண்டுபூடும் போலகீது. நானும் கத்துக்கறேன். பெரியவங்களுக்கும் சொல்லிக் குடுக்கறன்னு போர்டுல போட்டுகீறியே.”

“உங்களுக்கு வயசு...” என்று இழுத்தேன்.

“நாப்பது. உனக்கு இன்னா, நாப்பத்தெட்டா? நீ ஆடல?”

அவளை ஆசிரியர் என்ற கண்ணோடு முதல்முறை பார்த்த அன்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கழுத்து. இருபது வருடம் தலையில் மீன்கூடை சுமந்த கழுத்து. மும்பையில் வசதியான வீட்டுப் பெண்கள் தலையில் புத்தகம் வைத்துப் பழகியும் வராத கழுத்து, காசிமேட்டில் சும்மா கிடைத்திருந்தது. முதுகும் அப்படியே. கால்கள்தான் எங்கேயோ போகும். ஆனால் விடமாட்டாள். கடை முடித்து, சோப்புப் போட்டுக் குளித்து, மல்லிகை வைத்துக்கொண்டு வருவாள். நைட்டியைத் தூக்கிச் செருகி, உள்ளே கறுப்பு லெகிங்ஸ். நான் பாலே அசைவுகளின் பிரெஞ்சுப் பெயர் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெயர் வைப்பாள். கையைச் சுவரோரக் கம்பியில் வைத்து முட்டியை மடக்குவது அரைக்குந்து. ஒரு காலை வேகமாக உதறுவது மண் தட்றது. வகுப்பே பிறகு அவள் வைத்த பெயரைத்தான் சொன்னது. நானும் ஒருநாள் வாய் தவறி, “எல்லாரும் மண் தட்டுங்க” என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வருடம் அப்படிப் போனது. அவளுக்கு ஒரே ஆசை: பாயிண்ட் ஷூ போட்டு விரல் நுனியில் நிற்க வேண்டும். அதை மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்துக் கடைக்காரிகள் தினமும் கிண்டல். “இன்னாடி, இன்னும் தரையிலதான் நிக்கிறியா?” என்று கேட்பார்களாம். இவளும், “பாத்துகினே இரு” என்பாளாம்.

நீங்கள் இங்கே வருவதற்கு முன்னால், நான் சொல்லவரும் நிகழ்ச்சி நடந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்கு ஷூ கொடுத்தேன். நாலடி தூரத்தில் நின்று, காலண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ஏறி இறங்கச் சொன்னேன். இருபது தடவை ஏறினாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கண்ணால் பார்த்தேன், சரி என்றேன். அவ்வளவுதான் என் பரிசோதனை.

நம் மண்டபத்து ஆண்டு நிகழ்ச்சி ஏன் எப்போதும் ஜூன் இரண்டாவது வாரத்தில் வருகிறது என்று கவிதா கேட்டாள். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வாரம் அது. படகுகள் கரையில் நிற்கும்வரைதான் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மாலைப்பொழுது உண்டு. படகு போய்விட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். அதனால் நாளைத் தள்ளிப்போட முடியாது. அந்த வருடம் நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள் படகுகள் இறங்குவதாக இருந்தன. மூன்றாம் நாள் விடியற்காலை பிலோமி ஏலத்தில் நிற்க வேண்டும், கூடை தூக்க வேண்டும். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்த வீடு.

பிலோமியின் நடனம் கடைசி. தனியாக, இரண்டு நிமிடம். மூலையிலிருந்து மெதுவாக நடந்து வர வேண்டும், நடுவில் வந்து நுனிக்காலில் எட்டு எண்ணிக்கை நிற்க வேண்டும், மறுபடி, மறுபடி. மண்டபத்தில் மார்க்கெட் பெண்கள் நாற்பது பேருக்கு மேல் முதல் நான்கு வரிசையைப் பிடித்துவிட்டார்கள். பங்குச் சாமியாருக்கே அவர்களுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது.

அவளுக்கு முந்தின நடனம் குழந்தைகளுடையது. ஓரத்தில் திரைக்குப் பின்னால் பிலோமி தயாராக நின்றாள். நான் வழக்கம்போல ஷூவின் ரிப்பன்களைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியும், முடிச்சு கணுக்காலின் உள்பக்கக் குழிக்குள் ஒளிந்து கிடக்க வேண்டும். வலது காலில் அப்படித்தான் இருந்தது. இடது காலில் ரிப்பன் இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. முடிச்சு வெளிப்பக்கம்.

“அது ஏன்மா அங்க கட்டியிருக்கீங்க?”

“சும்மாதான். அங்கதான் தோதா கீது.”

நடிப்பில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் தோதாக இருப்பதற்காக யாரும் முடிச்சை வெளியே கட்டமாட்டார்கள். உள்ளே கட்டினால் வலிக்கிறது என்றால்தான் கட்டுவார்கள். மேடையில் குழந்தைகளின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலு நிமிடம் இருந்தது. மும்பை அம்மையாரின் மடி நினைவுக்கு வந்தது. என் முட்டி கத்தக் கத்த மண்டியிட்டேன்.

“காலைக் குடுங்கம்மா.”

“இன்னா மாஷ்டரு, ஆசீர்வாதம் வாங்கிக்கிறியா? நல்லா இரு.”

“விளையாட்டு இல்ல. பாக்கணும். குடுக்குறீங்களா?”

அவள் சிரிப்பு நின்றது. காலை நீட்டினாள். இரண்டு கையாலும் பிடித்தேன். கை வைத்த மறுவிநாடியே தெரிந்துவிட்டது. தொட்ட இடம் சுட்டது. கணுவின் உள்பக்கம் எலும்பு கொட்டாங்கச்சி மாதிரி தடித்து ஒருபக்கம் ஏறியிருந்தது. மெதுவாக நுனிக்கால் பக்கம் வளைத்தேன். என் கட்டைவிரலுக்குக் கீழே என்னவோ கிளிக்கென்று நகர்ந்தது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப ஒடைஞ்சுது?”

“ஆச்சு, எட்டு வருஷம். ஹார்பர்ல ஐஸ் மேல வயுக்கி வியுந்தேன். நாட்டுக்கட்டு போட்டு சரியாபூச்சு.”

“சொல்லவே இல்லியே.”

“நீ கேக்கவே இல்லியே.”

ஐந்து மாதமாக அந்தக் காலோடு அவள் நுனியில் ஏறி இறங்கியிருக்கிறாள், என் கண் முன்னால், நான் காலண்டரைச் சுருட்டிப் பிடித்து நிற்க.

“இன்னைக்கு நுனிக்கால் வேணாம்மா. இந்த எலும்பு இன்னொரு தரம் போனா ஏலத்துல நிக்க முடியாது. கூடை தூக்க முடியாது.”

“ரெண்டு நிமிஷம் மாஷ்டரு. ரெண்டே நிமிஷம் பல்லக் கடிச்சுக்குவேன். மூணு வருஷமா சொல்லிகினு கீறேன் அவளுங்ககிட்ட. அத்தினி பேரும் வந்துகீறாளுங்க. இப்ப இன்னா சொல்றது நானு?”

வாதாட எனக்கு வராது என்று சொன்னேனே. வாதாடினால் அவள்தான் ஜெயிப்பாள். மீன் வியாபாரம் செய்கிறவளிடம் பேசி யார் ஜெயித்தது? துணிப்பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்து இடது காலின் இரண்டு ரிப்பனையும் வெட்டிவிட்டேன்.

அவள் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. கவிதா திருத்தவும் முடியாது. மெல்லிய குரலில்தான் திட்டினாள், மேடையில் குழந்தைகள் இருந்ததால். அழவும் செய்தாள். நான் அதற்குள் அவளுடைய பழைய துணி ஷூவைத் தேடி எடுத்து வந்துவிட்டேன்.

“முதல்ல மூலையிலேருந்து நடந்து வருவீங்கல்ல? அது மட்டும் போதும். பாட்டு முடியற வரைக்கும் நடங்க. சுத்தி வந்து, கடைசியில வணக்கம்.”

“நடக்கறதா? நான் நடக்கறத தெனம் பாக்கறாளுங்க மார்க்கெட்டுல.”

“கூடையோட பாத்திருப்பாங்க. கூடை இல்லாம பாத்ததில்ல.”

என் வாயில் அது எப்படி வந்தது என்று தெரியாது. அவள் மூக்கைச் சிந்தினாள். குழந்தைகள் உள்ளே ஓடிவந்தார்கள். இவள் பாட்டு தொடங்கிவிட்டது.

நம் மேடைத் தளம், துறைமுகத்துப் பெட்டிகளைப் பிரித்த பலகையில் போட்டது. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று அம்புக்குறி போட்ட பலகை ஒன்று மூலையில் இருக்கிறதே, அங்கேதான் அவளுக்குத் தொடக்கம். அந்த அம்பின் மேல் வந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். கழுத்து மேலே போனது. நடந்தாள்.

நான் பாலேயில் பெரிய ஆட்கள் நடப்பதை ஓரத்தில் மரமாக நின்று பார்த்தவன். குதிப்பதும் சுற்றுவதும் இளமை இருந்தால் வந்துவிடும். வெறுமனே நடந்து ஒரு மேடையை நிரப்புவது ரொம்பப் பேருக்கு வராது. பிலோமிக்கு வந்தது. ஒரு சுற்று வரும்வரை மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாவது சுற்றில் முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்: “எப்போடி நுனிக்கால்ல நிப்ப? பஸ்ஸுக்கு நேரமாவுது.”

எல்லோரும் சிரித்தார்கள். பிலோமி நின்றுவிட்டாள். மேடையில் நின்றால் பேசக்கூடாது என்று நான் சொல்லித்தான் இருந்தேன். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

“நான் ரெடியாத்தான் கீறேன். இவருதான் ரிப்பன வெட்டிப்புட்டாரு. வந்து அவரையே கேளு.”

திரை ஓரத்தைக் கை காட்டினாள். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவளே வந்து என் சட்டைக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள். பதினான்கு வருடம் மேடை ஏறியவன், ஒரு வார்த்தை பேசியதில்லை. மரங்கள் பேசுவதில்லை. கையில் கத்தரிக்கோல் வேறு.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. ‘அவங்களுக்குக் கால்ல அடிபட்டிருக்கு, சொல்லாம மறைச்சுட்டாங்க’ என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவள் மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அந்த நாற்பது பேருக்கு முன்னால் பொய்த்துப்போகும். திங்கட்கிழமை முதல் அவள் அவர்கள் நடுவில்தான் உட்கார வேண்டும்.

“தப்பு என்னுது” என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. ‘சத்தமா’ என்று பின்னாலிருந்து கேட்டார்கள். “தப்பு என்னுதுங்க. இவங்க மூணு வருஷம் ஒழுங்கா உழைச்சாங்க. ஷூ குடுக்கறதுக்கு முன்னால நான் கால கையில புடிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. எனக்குக் கூச்சம்.”

பிறகு பஸ்ஸுக்கு நேரமான அதே அம்மாள் எழுந்து நின்றாள்.

“ஏன் மாஷ்டரு, மார்க்கெட்டுக்கு வந்தா செவுளத் தூக்கிப் பாக்காமயா மீனு வாங்குவ?”

மண்டபம் அதிர்ந்தது. பங்குச் சாமியாரும் சிரித்தார். பிலோமி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு என்னைப் பக்கத்தில் தள்ளி நிறுத்திவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு காலைப் பின்னால் வைத்து, கழுத்தைத் தாழ்த்தாமல் முட்டியை மடக்கி வணக்கம் வைத்தாள். அவர்கள் அடித்த விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து காசிமேட்டில் எனக்குச் செவுள் மாஷ்டர் என்று பெயர். நீங்கள் இருவரும் அது குலப்பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களாம். ஜெனி சொன்னாள்.

மூன்றாம் நாள் பிலோமி ஏலத்தில் நின்றாள். அடுத்த வாரம் மருத்துவரிடம் போனாள். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் காலில் நுனியில் நிற்பது என்ற பேச்சே இனி கூடாது என்றார். அதைக் கேட்டுவிட்டு இரண்டு மாதம் அவள் நம் மண்டபப் பக்கம் வரவில்லை. ஜெனியை வாசலில் விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நான் மாடியிலிருந்து பார்ப்பேன். இறங்கிப் போய்ப் பேசலாம் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். ஒன்பதாவது சனிக்கிழமை அவளே வந்தாள். கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்று இடது காலை என் பக்கம் நீட்டினாள். “புடிச்சுப் பாரு. இன்னிக்கு எவ்ளோ மடக்கலாம்னு சொல்லு.” பார்த்தேன். சொன்னேன். ஒவ்வொரு வகுப்பும் இப்போது அப்படித்தான் தொடங்குகிறது.

நுனிக்கால் அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு ஐஸ் ஒரு காரணம், நாட்டுக்கட்டு ஒரு காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் முதல் வருடமே நான் கையால் பார்த்திருந்தால், நடக்காத ஒன்றுக்காக அவள் மூன்று வருடம் கனவு கண்டிருக்க வேண்டியதில்லை. வலியோடு ஐந்து மாதம் ஏறி இறங்கியிருக்க வேண்டியதில்லை. என் கூச்சத்துக்கு அவள் கொடுத்தது அது.

ஸ்டீபன், சிவப்பு விளக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்ட நல்லது. ஆனால் இந்த முட்டியோடு நான் வகுப்பை உங்களிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, வருகிற சனிக்கிழமை ஆறு பேர் ஷூ கேட்டு உங்கள் முன்னால் நிற்பார்கள். அதில் நாலு பேர் பெரியவர்கள். முதலில் கேளுங்கள்: பார்க்கலாமா, எப்போதாவது அடிபட்டதா, எங்கே வலிக்கும் என்று. வேண்டாம் என்றால் கவிதா பார்க்கட்டும், அவள் பார்ப்பதும் வேண்டாம் என்றால் ஷூவும் வேண்டாம். சரி என்றால் தரையில் உட்கார்ந்து கையில் வாங்குங்கள். காது சூடானால் ஆகட்டும்.

ஒரு தேறாத கால் எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்தால் புரியாது. அதனால் இன்று வகுப்பு முடிந்ததும் பிலோமியிடம், அடுத்த வாரம் மற்றவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டீபன் உங்கள் இடது காலைப் பிடித்துப் பழகிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கேட்பதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, பத்து நிமிடம்தான். தடைக்காலம் இன்றோடு முடிகிறது, நாளை மறுநாளிலிருந்து அவளுக்கு ஏலம், கூடை, ஓட்டம். இருந்தும் சனிக்கிழமை வந்துவிடுவதாகச் சொன்னாள்.

“வரேன். ஆனா அந்தப் புள்ளாண்டான கை கழுவிகினு வரச் சொல்லு.”

ஜூன் 14, சனிக்கிழமை